கிலோவுக்குப் போடுவதற்கு முன்னர்: கழற்றிய மின்னணுப் பாகங்களுக்கு வாங்குநரைத் தேடும் வழி

திரை உடைந்த 32 அங்குல எல்.ஈ.டி. தொலைக்காட்சி ஒன்றைப் பழைய இரும்பு எடுப்பவரிடம் கொடுத்தால், அவர் அதைத் தூக்கிப் பார்த்து, எல்லாம் பிளாஸ்டிக் என்று முகத்தைச் சுளித்து, நிறைக்கு ஒரு விலை சொல்லுவார். அந்தத் தொலைக்காட்சியின் உள்ளே இருக்கும் மின்வழங்கிப் போர்ட், பிரதான போர்ட், திரைக்குப் படத்தைச் செலுத்தும் டி-கொன் போர்ட், பின்னொளிப் பட்டிகள் ஆகியன பெரும்பாலும் பழுதின்றியே இருக்கும், ஏனெனில் அடிபட்டது திரை மட்டுமே. அதே கிழமையில் கல்முனையிலோ ஏறாவூரிலோ ஒரு திருத்துநரின் தட்டில், திரை நல்லதாகவும் மின்வழங்கி எரிந்ததாகவும் அதே மாதிரித் தொலைக்காட்சி ஒன்று உரிமையாளரின் பெயர் எழுதிய தாளோடு காத்துக் கிடக்கலாம். இரண்டுக்கும் இடையில் ஒரு பஸ் பயணத் தூரந்தான் உண்டு. ஆனால் இன்னாரிடம் இன்னது இருக்கிறது என்று சொல்ல ஆளில்லாதபடியால், நல்ல போர்ட் கொழும்புக்குப் போகும் லொறியில் உடைசல்களோடு ஏறிவிடுகிறது.

மட்டக்களப்பின் கல்லடிப் பக்கத்தில் ஒரு சிறிய திருத்துமிடத்தை வைத்திருக்கும் நான், தொடக்க காலத்தில் ஒரு மூட்டை போர்டுகளை அப்படித்தான் நிறைக்குப் போட்டேன். அடுத்த வாரமே அவற்றுள் ஒன்றைத் தேடி இரண்டு பேர் வந்தார்கள். அதன் பின்னர் நான் கற்றுக்கொண்ட ஒழுங்கையே இங்கு எழுதுகிறேன். திருத்துமிடம் வைத்திருப்போருக்கு மட்டுமன்றி, வீட்டில் பழைய சாதனங்கள் சேர்ந்துவிட்டவர்களுக்கும், இதைப் பக்கத் தொழிலாகச் செய்ய எண்ணும் இளைஞர்களுக்கும் இது பயன்படும்.

முதலில் தேவைகளின் பட்டியல், பிறகு திருகாணி

பலர் சாதனத்தைப் பிரித்துக் கழற்றியவற்றைப் பெட்டியில் நிரப்பிவிட்டுத்தான் யார் வாங்குவார் என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். வரிசை மாற வேண்டும். ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, உங்கள் ஊரிலும் அயலூர்களிலும் உள்ள திருத்துமிடங்களுக்குப் போய், "உதிரிப்பாகம் கிடைக்காமல் நிற்கும் சாமான் எவை?" என்று கேட்டு, அவற்றின் எண்களை எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் திருத்துநரிடமும் அவ்வாறு நிற்கும் நான்கைந்து சாதனங்கள் இருக்கும். அவற்றின் உரிமையாளர்கள் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருப்பார்கள் என்பதால் அவர் அந்த எண்களைத் தயக்கமின்றித் தருவார். விற்க வந்தவராக அன்றித் தேடித் தர வந்தவராக நீங்கள் அறிமுகமாவது இதிலுள்ள இன்னொரு நன்மை.

மட்டக்களப்பிலிருந்து தெற்கே களுவாஞ்சிகுடி, கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஊடாகப் பொத்துவில் வரை செல்லும் ஏ-4 வீதியும், வடக்கே ஏறாவூர், செங்கலடி, வாழைச்சேனை ஊடாகத் திருகோணமலைக்குச் செல்லும் ஏ-15 வீதியும் இந்த வியாபாரத்தின் இரு கைகள். ஒரு நாளில் ஒரு பக்கம் மட்டும் போவதே நடைமுறைக்கு உகந்தது. காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறை போன்ற இடங்களில் வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆவுக்காகக் கடைகள் மூடப்படும். மட்டக்களப்பு நகரில் ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் திறப்பதில்லை. திருத்துநரிடம் பேச ஏற்ற நேரம் காலையில் கடை திறந்த முதல் அரை மணித்தியாலம். அதற்குப் பிறகு அவர் பற்றாசுக் கோலை (சோல்டரிங் அயன்) கையில் எடுத்துவிட்டால் நீங்கள் வாசலில் நிற்க வேண்டியதுதான். அம்பாறை நகரத்துத் திருத்துநர்களில் பெரும்பாலானோர் சிங்களம் பேசுவோர்; உங்களுக்குச் சிங்களம் வராவிட்டாலும் கவலை வேண்டாம், போர்ட் எண்ணின் தெளிவான படம் ஒன்றே போதுமானது.

இரண்டு மூன்று சுற்றுப் போய் வந்தால் எந்த மாதிரிகள் அடிக்கடி பழுதாகின்றன, எந்தப் பாகத்துக்கு எப்போதும் தட்டுப்பாடு என்பது புத்தகத்திலேயே தெரியத் தொடங்கும். அதன் பிறகு பழைய சாதனத்துக்கு என்ன விலை கொடுக்கலாம் என்பதையும் நீங்கள் நிதானமாக முடிவு செய்யலாம்.

எண்தான் சரக்கு

நிறைக்குப் போகும் போர்டுக்கும் உதிரிப்பாகமாக விலைபோகும் போர்டுக்கும் உள்ள வேறுபாடு, அதன் எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதுதான். தொலைக்காட்சியின் பின்மூடியில் உள்ள மாதிரி எண் மட்டும் போதாது. ஒரே மாதிரிப் பெயரில் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு போர்டுகள் பொருத்தப்பட்டிருக்கும். சாம்சுங் தொலைக்காட்சிகளில் மின்வழங்கிப் போர்டின் எண் 'பி.என்.44' என்று தொடங்கும். பிரதான போர்டில் இரண்டு எண்களைக் காண்பீர்கள்: 'பி.என்.41' என்பது வெறும் பலகைக்குரியது, 'பி.என்.94' என்று தொடங்கும் ஒட்டுத்தாள் எண்தான் பாகங்களோடு கூடிய முழுப் போர்டுக்குரியது. எல்ஜி நிறுவனத்தின் போர்டுகளிலும் இவ்வாறே 'ஈ.ஏ.எக்ஸ்.' என்பது பலகையில் அச்சிட்ட எண்; மின்வழங்கிக்கு 'ஈ.ஏ.வை.' என்றும் பிரதான போர்டுக்கு 'ஈ.பி.டி.' அல்லது 'ஈ.பி.யு.' என்றும் தொடங்கும் எண்கள் ஒட்டுத்தாளில் இருக்கும். பலகை எண்ணை மட்டும் பார்த்து விற்றால், பொருத்தும் இடத்தில் பொருந்தாமல் திரும்பி வரும்.

திரைப் பலகத்தின் பின்புறத்தில் உள்ள பலக எண்ணையும் கட்டாயம் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். டி-கொன் போர்ட் பலகத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பிரதான போர்டின் மென்பொருளும் குறிப்பிட்ட பலகத்துக்கென அமைக்கப்பட்டிருக்கும். பலகம் வேறானால் படம் தலைகீழாகவோ நிறம் மாறியோ தெரியும். நான் ஒருமுறை பலக எண்ணைக் கவனிக்காமல் ஒரு டி-கொன் போர்டை அக்கரைப்பற்றுக்கு அனுப்பி, பார்சல் செலவையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. காசு போனதை விட, அந்தத் திருத்துநர் அடுத்த ஆறு மாதங்களுக்கு என் அழைப்பை எடுக்காமல் விட்டதே பெரிய நட்டம்.

கழற்றுவதற்கு முன்னர் பின்மூடியைத் திறந்த நிலையில் முழுவதையும் ஒரு படம், ஒவ்வொரு போர்டையும் தனித்தனியே ஒரு படம், ஒட்டுத்தாள்களை நெருக்கமாக ஒரு படம் என்று எடுத்துவிடுங்கள். சாதனம் ஓரளவு இயங்கினால், உடைந்த திரையில் ஒளி வருவதையும் ஒலி கேட்பதையும் சிறு காணொளியாகப் பதிவு செய்யுங்கள். பின்னர் நீங்கள் தரும் எந்த வாக்குறுதியையும் விட அந்தக் காணொளி அதிகம் பேசும்.

எதைக் கழற்றலாம், எதை விடலாம்

தொலைக்காட்சியில் மூன்று போர்டுகளோடு, தாங்கும் கால்கள், அவற்றின் திருகாணிகள், ரிமோட், பலகத்துக்குச் செல்லும் நாடா வயர் ஆகியவற்றையும் ஒரே பையில் வையுங்கள். வீடு மாறும்போது கால்களைத் தொலைத்தவர்கள் பலர் உள்ளார்கள். அற்பமாகத் தோன்றும் இந்தக் கால்களுக்கு நான் எதிர்பார்த்ததை விட அதிகம் கேள்வி வந்திருக்கிறது. பின்னொளிப் பட்டிகளும் விற்கும், ஆயினும் அவை ஏற்கெனவே பல ஆண்டுகள் எரிந்தவை என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிடுவது நல்லது. பட்டியின் நீளம், அதிலுள்ள எல்.ஈ.டி.களின் எண்ணிக்கை, ஒவ்வொன்றும் 3 வோல்ட்டா 6 வோல்ட்டா என்பது ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும்.

மடிக்கணினி இன்னும் வளமானது. நினைவகத்தை விற்கும்போது அது டி.டி.ஆர்.3 ஆ, டி.டி.ஆர்.3எல் ஆ, டி.டி.ஆர்.4 ஆ என்று பிரித்துச் சொல்ல வேண்டும்; முதலாவது 1.5 வோல்ட்டிலும், இரண்டாவது 1.35 வோல்ட்டிலும், மூன்றாவது 1.2 வோல்ட்டிலும் இயங்குபவை. திரையாயின் அங்குல அளவோடு இணைப்பியில் 30 ஊசியா 40 ஊசியா என்பதையும், திருகாணி பூட்டும் காதுகள் பக்கத்தில் உள்ளனவா மேலும் கீழும் உள்ளனவா என்பதையும் எழுதுங்கள். விசைப்பலகை, கீல், விசிறி, மின்னேற்றி ஆகியன மாதிரி எண்ணோடு விற்பவை. கீல் என்றால் சிரிப்பார்கள், ஆனால் உடைந்த கீலோடு வரும் மடிக்கணினிகள் எத்தனை என்று எந்தத் திருத்துநரையும் கேட்டுப் பாருங்கள்.

பழைய ஒலிபெருக்கிகளில் கவனமாகத் தேட வேண்டியது வலுத் திரான்சிஸ்டர்களை. தோஷிபா நிறுவனத்தின் '2 எஸ்.சி. 5200', '2 எஸ்.ஏ. 1943' என்ற சோடிக்குச் சந்தையில் போலிகள் நிறைந்திருப்பதால், பழைய பெட்டியிலிருந்து கழற்றிய அசலுக்குப் புதிய போலியை விட மதிப்பு அதிகம். மின்மாற்றிகள், வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் தகடுகள், ஹோர்ன் ஒலிபெருக்கிகளின் டயபிரம் ஆகியவற்றையும் ஒலி-ஒளி வாடகைக்காரர்கள் வாங்குவார்கள். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் சடங்கு தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னர் அவர்கள் தங்கள் பெட்டிகளை எல்லாம் திறந்து பார்ப்பார்கள். அவர்களிடம் போக வேண்டிய காலம் அதுதான், சடங்கு தொடங்கிய பின்னர் அல்ல.

குளிர்சாதனப் பெட்டியில் மின்னணுப் போர்டைக் கழற்றலாம், குழாய்களை வெட்டக்கூடாது. புதிய பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்.600ஏ என்ற குளிரூட்டும் வாயு தீப்பற்றக்கூடியது. கம்பிரசரை எடுக்க வேண்டுமாயின் வாயுவை முறையாக எடுக்கத் தெரிந்த குளிரூட்டித் திருத்துநரை அழையுங்கள். பெரும்பாலும் அவரே அதை வாங்கிக்கொள்வார். சலவை இயந்திரத்தில் மோட்டர், நீர் வால்வு, வடிகால் பம்பு, கட்டுப்பாட்டுப் போர்ட் ஆகியன விலைபோகும்.

விட்டுவிட வேண்டியவை: சிறிய தடையிகள், சாதாரண டயோட்டுகள், மலிவான கைப்பேசி மின்னேற்றிகள், வீங்கிய கொள்ளளவிகள் (பாடநூலில் கொள்ளளவி, கடையில் கண்டென்சர்). இவற்றைக் கழற்றும் நேரத்துக்குக் கூலி கிடைக்காது. பழைய குழாய்த் தொலைக்காட்சியின் கண்ணாடிக் குழாயில் ஈயம் உண்டு. அதை உடைக்காமல் முழுமையாகவே ஒப்படைக்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்தான இடங்கள்

நமது மின்வழங்கல் 230 வோல்ட் என்றாலும், மின்வழங்கிப் போர்டில் உள்ள பெரிய கொள்ளளவி அதை நேரோட்டமாக்கிச் சுமார் 325 வோல்ட் வரை தேக்கி வைத்திருக்கும். பிளக்கைக் கழற்றிய பின்னரும் அந்த மின்னேற்றம் எஞ்சலாம். அதைத் திருகாணிச் செலுத்தியால் குறுக்கே தொட்டுப் பொறி பறக்க விடுவது பலரின் வழக்கம். அதனால் கண்ணுக்கும் போர்டுக்கும் கேடு. 2.2 கிலோஓம், 10 வாட் தடையி ஒன்றை நன்கு காப்பிட்ட இரு வயர்களோடு இணைத்துக் கொள்ளளவியின் இரு முனைகளிலும் சில விநாடிகள் வைத்திருந்தால் போதும். 220 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்று இரண்டரை விநாடி அளவில் ஏறத்தாழ முழுவதும் வெறுமையாகிவிடும். அதன் பின்னரும் மீற்றரால் அளந்து பார்த்துவிட்டே கை வைக்க வேண்டும்.

மைக்ரோவேவ் அடுப்பு வேறு வகை. அதன் கொள்ளளவி 2,000 வோல்ட்டுக்கும் மேல் தாங்கும்படி செய்யப்பட்டது. அதில் தவறுபவருக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைப்பதில்லை. அனுபவமற்றவர்கள் சுழலும் கண்ணாடித் தட்டையும் அதன் வளையத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு மூடியைத் திறக்காமலே விடுவது உத்தமம். அதன் மின்மாற்றியை வைத்துப் பற்றவைக்கும் கருவி செய்ய வேண்டும் என்று சில இளைஞர்கள் வந்து கேட்பார்கள். நான் கொடுப்பதில்லை.

மடிக்கணினி பற்றரிகளிலும் கைப்பேசிப் பற்றரிகளிலும் வீங்கியவை, நசுங்கியவை, 2 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கிய கலங்கள் ஆகியன விற்பனைக்குரியவை அல்ல. அவற்றை மீண்டும் மின்னேற்ற முயலவும் கூடாது. நல்ல கலங்களையும் பார்சலில் அனுப்பாமல் நேரில் மட்டும் கொடுங்கள்.

சோதித்துக் காட்டுதல்

வாங்குபவர் கேட்கும் முதற்கேள்வி "வேலை செய்யுமா?" என்பதே. அதற்கு "செய்யும் என்று நினைக்கிறேன்" என்ற விடையைச் சொன்ன கணத்திலேயே பாதி விலை போய்விடும். செலவற்ற ஒரு சோதனைக் கருவியாக 100 வாட் இழை மின்குமிழ் ஒன்றைப் போர்டுக்குத் தொடராக இணைத்து மின் கொடுத்துப் பாருங்கள். குமிழ் ஒரு கணம் எரிந்து மங்கினால் பெரிய குறுக்குச்சுற்று இல்லை, விடாமல் பிரகாசமாக எரிந்தால் உள்ளே எங்கோ குறுக்குச்சுற்று உண்டு. மேசைக் கணினியின் மின்வழங்கியாயின், பெரிய இணைப்பியில் உள்ள பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்து இயக்கி, 12 வோல்ட் தடம் 11.4 இற்கும் 12.6 இற்கும் இடையிலும், 5 வோல்ட் தடம் 4.75 இற்கும் 5.25 இற்கும் இடையிலும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பழைய வன்தட்டையும் விசிறியையும் சுமையாகக் கொடுத்துப் பார்ப்பது மேலும் உறுதியானது. வன்தட்டின் உடல்நிலை அறிக்கையில், பழுதானதால் இடம்மாற்றப்பட்ட பிரிவுகளின் எண்ணிக்கை பூச்சியமாக இருக்கும் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

சோதிக்க இயலாத பாகங்களும் இருக்கும். அவற்றைச் "சோதிக்கப்படவில்லை" என்று எழுதியே விற்கலாம், விலையையும் அதற்கேற்பக் குறைக்கலாம். அனுபவமுள்ள திருத்துநர்கள் அத்தகையவற்றை விரும்பியே வாங்குவார்கள், ஏனெனில் அவர்களுக்குப் போர்ட் முழுவதும் வேண்டியதில்லை. அதிலுள்ள ஓர் ஒருங்கிணைந்த சுற்று மட்டும் போதுமாக இருக்கலாம்.

உப்புக் காற்றும் மாரி மழையும்

ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் இருக்கும் எழுவான்கரையில் திறந்த தட்டில் வைத்த போர்டின் இணைப்பிகளில் பச்சைப் பூப்பு ஏற அதிக காலம் எடுக்காது. கழற்றிய அன்றே மென்மையான தூரிகையாலும் ஐசோபுரோபைல் அல்ககோலாலும் தூசியையும் உப்புப் படிவையும் துடைத்து, நன்கு உலர்ந்த பின்னர் நிலைமின் தடுப்புப் பையில் இட்டு, சிலிக்கா ஜெல் பொதி ஒன்றையும் சேர்த்து வாயை மூடிவிடுங்கள். புதிய பாகங்கள் வரும் வெள்ளி நிறப் பைகளை எறியாமல் சேர்த்து வைத்தால் இதற்கெனக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. பையின் மேல் எண், எந்தச் சாதனத்திலிருந்து எடுத்தது, சோதித்த விதம், கழற்றிய திகதி ஆகிய நான்கையும் எழுதி ஒட்டுங்கள்.

ஐப்பசி முதல் தை வரையான மாரி காலத்தில் நிலத்தில் எதையும் வைக்கக்கூடாது. வெள்ளம் வீட்டுக்குள் வருவதற்கு நம் ஊரில் முன்னறிவித்தல் தேவைப்படுவதில்லை. வெள்ளத்தில் நனைந்த சாதனத்திலிருந்து எடுத்த போர்ட் இன்று இயங்கினாலும் சில மாதங்களில் உள்ளரிப்பால் நின்றுவிடலாம் என்பதால், அதை மறைத்து விற்பது உங்கள் பெயரைக் கெடுக்கும் குறுக்குவழி. அத்தகையவற்றை நான் தனிப் பெட்டியில் வைத்து மாணவர்களுக்கு மட்டுமே கொடுக்கிறேன்.

திருத்துநர் அல்லாத வாங்குநர்கள்

மாணவர்களைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. உயர்தரத்தில் 2013ஆம் ஆண்டு தொழில்நுட்பப் பிரிவு அறிமுகமான பின்னர், நகரத்துக்கு வெளியே உள்ள பாடசாலைகளிலும் செயற்றிட்டம் செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மட்டக்களப்புத் தொழில்நுட்பக் கல்லூரி, அம்பாறை ஹார்டி உயர் தொழில்நுட்ப நிறுவனம், ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் ஆகியவற்றிலும் செயற்றிட்டக் காலத்தில் பாகங்களுக்குக் கேள்வி எழும். அச்சுப்பொறியிலிருந்து கழற்றிய படிமுறை மோட்டர்கள், உருக்குக் கம்பிகள், பற்சில்லுகள், சிறிய 12 வோல்ட் விசிறிகள், ரிலேக்கள் ஆகியவற்றை அவர்கள் விரும்புவார்கள். ஒவ்வொன்றாக விற்பதை விட, இரண்டு படிமுறை மோட்டர், அதற்குரிய கம்பி, பட்டி என்று ஒரு பொதியாகக் கட்டிக் கொடுத்தால் அவர்களுக்கும் இலகு, உங்களுக்கும் பெட்டி காலியாகும். அவர்களிடம் பெரிய தொகை கிடைக்காது. ஆனால் இன்று வாங்கும் தம்பி நாலு வருடங்களில் ஒரு நிறுவனத்தின் பராமரிப்புப் பகுதியில் இருப்பான். அங்கே கழிக்கப்படும் சாதனங்கள் எங்கே போக வேண்டும் என்பதில் அவனுக்கும் ஒரு சொல் இருக்கும்.

மோட்டர் சுற்றுபவர்கள் மின்மாற்றிகளையும் நல்ல எனாமல் பூசிய செப்புக் கம்பியையும் நிறைக்கடைக்காரரை விட மேலான விலைக்கு எடுப்பார்கள். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பகுதிகளின் அரிசி ஆலைகளிலும் மருதமுனையின் விசைத்தறிகளிலும் மோட்டர், கொன்டாக்டர், டைமர், ஆளிகள் ஆகியவற்றுக்கு எப்போதும் தேவை உண்டு. அங்கே நேரே ஆலை முதலாளியிடம் போவதை விட அவர்களின் வேலையைச் செய்யும் மின்னியலாளரைப் பிடிப்பதே பயன் தரும். வாழைச்சேனைத் துறைமுகப் படகுகளில் 12 வோல்ட் விளக்கு, மின்னேற்றி, வயரிங் வேலை செய்பவர்களும் நல்ல வாங்குநர்களே.

உள்ளூரில் யாரும் கேட்காத, ஆனால் மதிப்புள்ள பாகங்களுக்குத்தான் கொழும்பு. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் மின்னணுக் கடைகளும், பம்பலப்பிட்டியில் உள்ள கணினிக் கடைகளும் மொத்தமாகப் பார்த்து மொத்தமாக விலை சொல்வார்கள். அந்த விலை உங்களுக்கு இனிக்காது. இணைய விளம்பரத் தளங்களிலும் முகநூல் சந்தையிலும் ஒவ்வொன்றாகப் போடுவதில் நேரம் கூடுதலாகச் செலவானாலும், தேடி வருபவர் எண்ணைத் தேடியே வருவதால் பேரம் குறைவு.

விளம்பரம், விலை, கடன்

விளம்பரத்தின் தலைப்பில் எண் இருக்க வேண்டும். "நல்ல டிவி போர்ட் விற்பனைக்கு" என்று போட்டால் வேலையற்றவர்கள்தான் அழைப்பார்கள். வட்ஸ்அப் குழுக்களுக்கு நான் அனுப்பும் செய்தி ஏறத்தாழ இவ்வாறு அமையும்: "சாம்சுங் 32 அங்குலத் தொலைக்காட்சியின் மின்வழங்கிப் போர்ட். ஒட்டுத்தாள் எண் படத்தில் உள்ளது. திரை உடைந்த தொலைக்காட்சியிலிருந்து கழற்றியது. கழற்றும் முன் இயங்கியது, காணொளி உண்டு. இதற்கு முன் திருத்தப்படவில்லை. பொருத்திப் பார்க்க 3 நாள் தவணை. மட்டக்களப்பில் நேரில் பெறலாம், வெளியூருக்குப் பார்சல் அனுப்பப்படும்." போர்டின் இரு பக்கங்களையும் பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்கள் இதனோடு போக வேண்டும்; கீழ்ப்பக்கப் பற்றாசைப் பார்த்தே யாராவது கை வைத்தார்களா என்பதைத் திருத்துநர் கண்டுகொள்வார்.

விலையைப் பொறுத்தவரை, அதே போர்ட் புதிதாக என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதை அறிந்து, சோதித்துக் காட்டக்கூடியதாயின் அதன் மூன்றிலொன்றில் தொடங்குவது என் வழக்கம். புதியது கிடைக்காத பழைய மாதிரியாயின் பாதி வரையும் கேட்கலாம். 2022இல் டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபாய் அளவுக்கு ஏறியபோது, இறக்குமதிப் பாகங்களின் விலை திருத்துநர்களின் கைக்கு எட்டாமல் போனது. கழற்றிய பாகத்தைத் தாழ்வாகப் பார்த்த கடைக்காரர்களும் அப்போது முன்பணத்தோடு வந்தார்கள். அந்தக் காலத்து விலையை இன்றும் எதிர்பார்ப்பவர்களின் பெட்டிகள்தான் நிரம்பிக் கிடக்கின்றன.

வாங்குபவருக்கும் தன் வாடிக்கையாளரிடம் கூலி சேர்த்துச் சொல்ல இடம் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். தொலைக்காட்சிக்காரர் கொடுக்கச் சம்மதிக்கும் முழுத் தொகையையும் உங்கள் போர்டே விழுங்கிவிட்டால், அவர் திருத்தாமலே திருப்பிக் கொடுத்துவிடுவார், உங்களுக்கும் விற்பனை இல்லை.

கடன் என்பது இந்த வியாபாரத்தில் தவிர்க்க முடியாதது. "பொருத்திப் பார்த்துவிட்டு, ஆள் காசு தந்ததும் தருகிறேன், காக்கா (அண்ணா)" என்று பழகிய திருத்துநர் கேட்டால் மறுப்பது கடினம். ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும் கடன், முந்தியது தீர்ந்த பின்னரே அடுத்தது என்று வைத்துக்கொண்டால் மனக்கசப்பு வராது. காசுக்குப் பதில் அவரிடமுள்ள பழுதான சாதனத்தைப் பெற்றுக்கொள்வதும் நல்ல வழி. பல வேளைகளில் அந்தச் சாதனம் கடன் தொகையை விடக் கூடுதலாகத் தரும்.

திருப்பி எடுக்கும் தவணையை வழங்கும்போது, போர்டில் ஒரு மூலையில் உங்களுக்கு மட்டும் தெரியும் அடையாளம் ஒன்றை நிறப்பேனாவால் இட்டு, அதையும் படம் எடுத்து வையுங்கள். கொடுத்தது ஒன்று, திரும்பி வந்தது வேறொன்று என்ற அனுபவம் எனக்கு ஒருமுறைதான் ஏற்பட்டது. அந்த ஒருமுறையே போதும்.

பார்சலில் போர்டை நிலைமின் தடுப்புப் பையிலும், அதன் மேல் குமிழித் தாளிலும் சுற்றி, இரண்டு தடித்த அட்டைகளுக்கு இடையில் கட்டி, பெட்டிக்குள் அசையாதபடி வைக்க வேண்டும். மட்டக்களப்புக்குத் தெற்கே ரயில் இல்லை என்பதால் பஸ் அல்லது கூரியர்தான் வழி. முதன்முறை வாங்குபவருக்குப் பொருளைப் பெறும்போது பணம் கட்டும் முறையில் அனுப்பலாம், ஆயினும் போக்குவரத்துச் செலவை முன்னரே பெற்றுக்கொள்ளுங்கள்.

சட்டமும் தரவும்

கைப்பேசியையோ மடிக்கணினியையோ கழற்றுவதற்கு வாங்கும்போது, கொடுப்பவரின் பெயரையும் தேசிய அடையாள அட்டை எண்ணையும் எழுதிக் கையொப்பம் பெறுங்கள். கைப்பேசியில் *#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.ஈ.ஐ. எண்ணையும் அதே பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். கூகுள், ஆப்பிள் கணக்குகளை உரிமையாளரே உங்கள் முன்னால் நீக்கிவிட்டுத் தரட்டும். வன்தட்டை விற்பதாயின் முழுவதும் எழுதி அழிக்கும் மென்பொருளால் அழித்த பின்னரே விற்க வேண்டும். வெறும் "போர்மட்" போதாது. மருத்துவ நிலையங்கள், பாடசாலைகள் கழித்தவற்றை எடுத்தால் வன்தட்டை நான் விற்பதே இல்லை, துளையிட்டுவிடுகிறேன்.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008இல் வந்த ஒழுங்குவிதிகள், அட்டவணைப்படுத்தப்பட்ட அபாயக் கழிவுகளைச் சேகரிக்கவும், களஞ்சியப்படுத்தவும், கொண்டுசெல்லவும், மீட்டெடுக்கவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமத்தைக் கோருகின்றன. பெரிய அளவில் சேகரிக்கத் தொடங்கும் எண்ணம் இருந்தால், களஞ்சியம் கட்டும் முன்னரே அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுத் தெளிவதே முறை. செம்பை எடுப்பதற்காக வயரை எரிக்கும் பழக்கம் நம் வெளிகளில் இன்னும் உண்டு, பி.வி.சி. உறை எரியும்போது டயொக்சின் போன்ற நச்சுகள் வெளிவரும், எரிந்து கறுத்த செம்புக்கு விலையும் குறைவு. ஒரு கத்தியும் பலகையும் கொண்டு உரித்தால் செம்பு பளிச்சென்றிருக்கும், கூடிய விலையும் கிடைக்கும்.

எல்லாம் விற்றுவிடாது. ஒவ்வொரு பையிலும் உள்ள திகதியைப் பார்த்து, ஒரு வருடம் யாரும் கேட்காத பொதுவான போர்டுகளை ஒதுக்கிவிடுங்கள். அவற்றிலுள்ள நல்ல ரிலேக்கள், இணைப்பிகள், வெப்பத் தகடுகள், பெரிய கொள்ளளவிகள் ஆகியவற்றை மட்டும் மாணவர் பெட்டிக்கு மாற்றிவிட்டு, எஞ்சியதை உரிமம் பெற்ற மின்னணுக் கழிவுச் சேகரிப்பாளரிடம் கொடுக்கலாம். அப்போதும் போர்டுகளைத் தனியாகவும், இரும்பைத் தனியாகவும், அலுமினியத்தைத் தனியாகவும், செம்பைத் தனியாகவும் பிரித்துக் கொடுங்கள். கலந்து கொடுத்தால் எல்லாவற்றுக்கும் இரும்பின் விலையே விழும்.